உங்களுக்கும் தெரியுதுங்களா?

இளங்கோ மறுபடியும் வேலை கேட்டுப் போன திங்கட்கிழமை, ஆபீஸ் சுவரில் பல்லி நல்ல திசையில் சொன்னது. இல்லாவிட்டால் மகுடேஸ்வரன் அவனை உட்காரச் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்தான். பெருமாநல்லூருக்குக் கொஞ்சம் வடக்கே பன்னிரண்டு மெஷின் போட்ட நிட்டிங் கம்பெனி அவருடையது. நூலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பனியன் துணியாக ஓட்டிக் கொடுப்பார். மெஷின்களெல்லாம் தைவானிலிருந்து வந்தவை. தீர்மானங்கள் மட்டும் சுவரிலிருந்து வரும்.

"இப்ப எப்பிடிப்பா இருக்கறே?" என்றார்.

"நல்லாருக்கறனுங்க."

"மாத்திரை?"

"தின்னுட்டிருக்கறனுங்க. நிறுத்தற ரோசனை இல்லீங்க."

மகுடேஸ்வரன் மேஜைமேல் இருந்த நூல் கோனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார். கேட்க வேண்டியதைக் கேட்காமல் அவருக்கு விடிகிறதாக இல்லை.

"அது... மறுக்கா வருமா?"

இந்தக் கேள்வி வரும் என்று இளங்கோவுக்குத் தெரியும். வராதுங்க என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். வீட்டிலிருந்து கிளம்பும்போதே தமிழ்மதி சொல்லி அனுப்பியிருந்தாள், உள்ளதைச் சொல்லுங்க, பொய் சொல்லி வாங்குன வேலையைப் பொத்திப் பொத்திக் காப்பாத்த நம்மளால ஆகாது என்று.

"வந்தாலும் வருமுங்க. மாத்திரை தின்னா வர்றது கம்மிங்க. வந்தா முன்னாடியே கண்டுபுடிக்கறதுக்குப் பழகி வெச்சிருக்கறனுங்க."

மகுடேஸ்வரன் இப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். அப்போதுதான் பல்லி சொன்னது.

"சரி. ஏழாம் நம்பர் மெஷினை எடுத்துக்க. ஒரு வாரம் பாப்போம். சனிக்கிழமை சொல்றேன், உண்டா இல்லையான்னு."

அந்த ஒரு வாரம் எதற்காக என்று இருவருக்குமே தெரியும். மூன்று வருஷத்துக்கு முந்தி இதே ஷெட்டில்தான் இளங்கோ பன்னிரண்டு மெஷின்களையும் மெயினில் நிறுத்தினான்.

அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. பதினெட்டில் வேலைக்குச் சேர்ந்தவன், நல்ல ஆப்பரேட்டர் என்று பெயர். நிட்டிங் மெஷினைச் சுற்றி நூல் உள்ளே போகிற வழிகளிலெல்லாம் குட்டிக் குட்டி விளக்குகள் இருக்கும். நூல் அறுந்தால் மெஷின் தானாக நிற்கும். அறுந்த இடத்து விளக்கு சிவப்பாக எரியும். ஓடிப்போய் முடிச்சுப் போட்டு ஓட்டிவிட வேண்டியது. அதற்குமேல் அந்த விளக்குக்கு வேறு சோலி கிடையாது. ஆனால் அந்த மாதங்களில் இளங்கோவுக்கு அவை வேறு சோலி பார்த்தன. மூன்றாம் நம்பரில் ஒன்று எரிந்து, பின்னாலேயே ஒன்பதில் ஒன்று எரிந்தால், மூன்றும் ஒன்பதும் சேர்ந்துகொண்டு அவனுக்கு ஏதோ சொல்ல வருகின்றன. ரோட்டில் போகிற டெம்போவின் நம்பர், டீக்கடைக்காரர் டம்ளரை வைக்கிற விதம், எதிரே வருகிறவர் தும்முவது எல்லாமே அவனை உத்தேசித்து நடந்தன. மெஷின் சத்தத்துக்குள் இரண்டு பேர் அவனைப் பற்றியே ஓயாமல் பேசினார்கள். கடைசியில் ஒருநாள், சேதி துணிக்குள்தான் இருக்கிறது என்று முடிவுக்கு வந்து, மெயினை இறக்கிவிட்டு நான்கு ரோலைப் பிரித்துத் தரையெல்லாம் விரித்துப் படிக்க உட்கார்ந்துவிட்டான்.

பக்கத்துக் கார்மெண்ட் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நின்றிருந்த தமிழ்மதியை யாரோ போய்க் கூட்டி வந்தார்கள். ஷெட்டே ஒதுங்கி நின்றது. அவள் துணியை மிதிக்காமல் ஓரமாக நடந்து வந்து புருஷன் பக்கத்தில் குந்தினாள்.

"ஏனுங்க, வாங்க. ஒரு டீ குடிச்சுட்டு வந்து மிச்சத்தப் படிச்சுக்கலாம்."

அவன் எழுந்து போனான். அன்றைக்குப் போனவன்தான்.

அப்புறம் நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மந்திரிப்பு ஒரு வாரம், யாரோ சொன்ன லேகியம் ஒரு வாரம். பிறகு திருப்பூரில் மனநலப் பிரிவில் டாக்டர் அனுப்பிரியாவிடம் போனார்கள். ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர் சொன்ன டாக்டர், மூளையில் டோபமைன் என்று ஒரு ரசாயனம் இருக்கிறது, அது சுரக்கிற கணக்கு மாறிவிட்டது என்றும் சொன்னார். அது ஊர் வந்து சேர்வதற்குள் வேறு உருவம் எடுத்துவிட்டது. இளங்கோ மண்டையில் கெமிக்கல் ஏறிவிட்டதாம் என்றது தெரு. திருப்பூர்ப் பக்கத்தில் கெமிக்கல் என்றால் சாயப்பட்டறையைத் தவிர வேறு எதுவும் யாருக்கும் ஞாபகம் வராது. அம்மா மருதாள் அன்றோடு போர் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தாள். பார்க்க வந்த கன்னையன், அதே ஷெட்டில் இருபது வருஷ சீனியர் ஆப்பரேட்டர், ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"ஏண்டா, நீ நிட்டிங்காரன். டையிங் பக்கமே போனதில்லையே. எந்தக் கலரு ஏறுச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்களா?"

டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். வெளியிலிருந்து ஏறுவதில்லை, எல்லோர் மூளையும் தானே சுரந்துகொள்வதுதான் டோபமைன். மூளையின் ஆழத்தில் ஒரு பகுதி இருக்கிறது. எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என்கிற சேதி அங்கே போய்ச் சேர்வதில் டோபமைனுக்குப் பெரிய பங்கு உண்டு. "நோய் இருக்கப்போ அது வேண்டாத நேரத்துலயும் அதிகமாச் சுரக்குது. அப்போ ஒண்ணுமில்லாத விஷயமெல்லாம் 'என்னைப் பாரு, என்னைப் பாரு'ங்கும். இவ்வளவும் நம்மளையே கூப்பிடுதேன்னு மூளை அதுக்கு ஒரு காரணத்தைத் தேட ஆரம்பிக்கும். கிடைச்ச துண்டையெல்லாம் கோத்து ஒரு கதை பண்ணிக்கும்."

இளங்கோ, "நூல் அறுகாமயே லைட்டு எரியறதாட்டங்களா?" என்றான்.

"எந்த லைட்டு?"

அடுத்த முறை போனில் வீடியோ எடுத்துப் போனான். கன்னையன் ஓட்டுகிற மெஷின். கையால் நூலை அறுக்க, மெஷின் நிற்க, விளக்கு எரிய. டாக்டர் மூன்று தரம் போட்டுப் பார்த்தார்.

"பஞ்சு போய் அடைச்சுக்கிட்டா, நூலு நல்லாருந்தாலும் எரியுமுங்க. நூல இழுத்துப் புடிக்கற ஸ்க்ரூவ அளவுக்கு மேல டைட்டு வெச்சிருந்தாலும் எரியுமுங்க. புது ஆளா இருந்தா நூலத் தேடித் தேடியே செத்துருவானுங்க."

"சரி, அப்போ மாத்திரை என்ன பண்ணுது? நீங்களே சொல்லுங்க."

"ஸ்க்ரூவ லூஸ் பண்ணுதுங்களா?"

"கிட்டத்தட்ட. டோபமைன் வந்து உக்கார வேண்டிய இடத்துல மாத்திரை முன்னாடியே போய் உக்காந்துக்கும்."

"பஸ்ல துண்டப் போட்டு சீட்டுப் புடிக்கறதாட்டங்க."

"அதேதான்," என்றார் டாக்டர். அன்றிலிருந்து அந்த ஓ.பி.யில் வருகிற ஆட்களிடமெல்லாம் அவர் முதலில், நீங்க நிட்டிங்கா, ஸ்டிச்சிங்கா, டையிங்கா என்று கேட்டுக்கொண்டுதான் பேச்சை ஆரம்பிக்கிறார் என்று ஒரு பேச்சு உண்டு.

துண்டு கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது முதலில். ஆரம்ப மாதங்களில் இளங்கோவுக்கு எந்த விளக்குமே எரியவில்லை. யாரும் அவனைப் பற்றிப் பேசவில்லை, அதுவரை நல்லது. ஆனால் எண்ணெய் மினுங்க பரோட்டா வந்து முன்னால் உட்கார்ந்தாலும், அதுவும் யாரையோ பார்க்க வந்த பரோட்டா மாதிரிதான் இருந்தது. உடம்பு எட்டுக் கிலோ ஏறியது, ருசி இறங்கியது. டாக்டர் மாத்திரையை மாற்றி, அளவைக் குறைத்து, ஏற்றி, மறுபடி குறைத்து, ஏழெட்டு மாதத்தில் ஒரு இடத்துக்குக் கொண்டுவந்தார். பரோட்டா மறுபடி பரோட்டாவாக ஆன அன்று இளங்கோ ஆறு தின்றான். தமிழ்மதி எண்ணவில்லை, கடைக்காரர்தான் எண்ணினார்.

அவனுக்கு ஒரே ஒரு குறை. மூளையை ஸ்கேன் எடுத்து, இந்தா இங்கேதான் பழுது என்று காட்டச் சொல்லிக் கேட்டிருந்தான். வேறு எதுவும் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க எடுப்பதுண்டு, இந்த நோயை ஒரு தனி ஆளின் ஸ்கேனில் காட்ட முடியாது என்றுவிட்டார் டாக்டர். நூற்றுக்கணக்கான ஆட்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்துச் சராசரி பார்த்தால்தான் வித்தியாசம் தெரியுமாம்.

"துணியில ஓட்டை இருந்தா லைட்டு வெச்சாத் தெரியுதுங்க. இதுக்கு ஒரு லைட்டு இல்லீங்களே" என்று அவன் ஆதங்கப்பட்டான்.

வேலை இல்லாத அந்தக் காலத்தில் வீட்டில் பிசிறு வெட்டுதல்தான் பிழைப்பு. தைத்து முடிந்த பனியன்கள் மூட்டை மூட்டையாக வீட்டுக்கு வரும். தையலோரம் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளைக் கத்திரியால் வெட்டிக் கொடுக்க வேண்டும். மருதாள், தமிழ்மதி, இளங்கோ மூவரும் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து வெட்டுவார்கள். ஒருநாள் தமிழ்மதியும் அவனோடு ஓ.பி.க்குப் போனாள். அவளுக்கும் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. ஆனால் வேறு எதையெதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் இன்னொன்றைச் சொன்னார். சின்ன வயதில் மூளையில் நரம்புகளுக்கு நடுவே தேவைக்கு மேலேயே இணைப்புகள் உண்டாகுமாம். வாலிபம் வருகிற வயதில் வேண்டாததை மூளையே கழித்துக்கொள்ளுமாம். இந்த நோய் வருகிறவர்களில் சிலருக்கு அந்தக் கழிப்பு அளவு மீறிப்போகிறதோ என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் நினைக்கிறார்கள்.

"பிசிறு வெட்டறதாட்டங்க," என்றாள் தமிழ்மதி. "பிசிற விட்டா செக்கிங்ல திரும்பிரும். ஒட்ட வெட்டுறம்னு போயி கத்திரி தையலுக்குள்ள எறங்கிருச்சுன்னா, அங்க ஓட்டை உளுந்துருமுங்க."

"இந்தம்மாவைத்தான் நான் வகுப்பெடுக்கக் கூப்பிடணும். ஆனா இது இன்னும் முடிஞ்ச முடிவில்லைங்க, நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க."

"கத்திரிய அப்பிடிப் புடிச்சது யாருங்க?" தமிழ்மதி குனிந்து சேலை ஓரத்தில் இல்லாத பிசிறைத் தேடினாள். "கண்ணாலம் ஆன மறு வருஷந்தானுங்க இவருக்கு வந்தது."

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. "யாரும் பிடிக்கலீங்க. பரம்பரையில கொஞ்சம், பிறக்கறதுக்கு முன்னாடி நடந்ததுல கொஞ்சம், வாழ்க்கையில கொஞ்சம், எல்லாம் கலந்து வர்றது. உங்க மாமியார் வளர்ப்புமில்ல, நீங்க அந்த வீட்டுக்குள்ள வந்த நேரமும் இல்ல."

அன்று பஸ் ஸ்டாண்டில் தமிழ்மதி தானாகவே போண்டா வாங்கினாள். மருதாளுக்கும் ஒரு பொட்டலம். ஏன் என்று இளங்கோ கேட்கவில்லை.

கடைசியாக டாக்டர் சொல்லிக்கொடுத்ததுதான் வீட்டில் புழக்கத்துக்கு வந்தது. ஏதாவது ஒன்று அளவுக்கு மீறிக் கண்ணை இழுத்தால் உடனே நம்பவும் வேண்டாம், உடனே தள்ளவும் வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் கேட்டுவிட வேண்டும். கேட்கப்படுகிறவர் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும், மனசு நோகுமே என்று ஆமாம் போடக் கூடாது. செக்கிங் மேஜையில் எட்டு வருஷம் நின்ற தமிழ்மதிக்கு இது கைவந்த வேலை.

"அந்தக் காக்கா என்னையவே பாக்குது. உனக்கும் தெரியுதா?"

"தெரியுது. உங்க கையில வடை இருக்குதுல்ல."

இப்படியாக ஒன்றரை வருஷம் ஓடி, இப்போது ஏழாம் நம்பர் மெஷின்.

முதல் நாள் இளங்கோ போய் நின்றபோது மெஷினருகே எப்போதும் தொங்கும் கத்திரியைக் காணோம்.

"கத்திரி எங்கீங்ணா?"

கன்னையன் அடுத்த மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். "அது... சாணை புடிக்கக் குடுத்திருக்குது."

பன்னிரண்டு மெஷினின் கத்திரியில் ஏழாம் நம்பர் கத்திரி மட்டும் சாணைக்குப் போயிருந்தது. இளங்கோ அன்று முழுக்க நூலைப் பல்லால் கடித்துக் கடித்து முடிச்சுப் போட்டான். சாயங்காலம் அவன் உதட்டில் பஞ்சு ஒட்டியிருந்ததைக் கன்னையன் பார்த்தார். மறுநாள் காலையில் கத்திரி ஆணியில் தொங்கியது. சாணை பிடித்த அடையாளம் எதுவும் அதில் இல்லை.

"நல்லாத் தீட்டிருக்காங்கணா," என்றான் இளங்கோ.

"வாய மூடிட்டு வேலையப் பாருடா," என்றார் கன்னையன். அதற்குப் பிறகு அவர்களுக்குள் பழைய தோது வந்துவிட்டது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மெஷின் வெண்ணெய் மாதிரி ஓடியது. இளங்கோவுக்குக் காலில் சக்கரம் கட்டியது போல இருந்தது. விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் தானாக விழிப்பு வந்துவிடும். மாத்திரையின் மந்தம் தெரியக் கூடாதென்று கேண்டீனில் யார் டீ சொன்னாலும் இவனும் ஒன்று சொன்னான். தமிழ்மதி, தூங்குங்க, தூங்குங்க என்றாள். சந்தோஷத்தில் தூக்கம் வரலீன்னா அதுக்கும் மாத்திரையா என்று சிரித்தான். அங்கேதான் தப்பு நடந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, சுற்றிக்கொண்டிருந்த துணியில் பட்டை தெரிந்தது.

விரல் அகலம். வெள்ளைக்குள் கொஞ்சம் மங்கின வெள்ளை. ஒரு சுற்றுக்கு ஒரு தரம் வந்து போனது. இரண்டு லாட் நூல், வேறு வேறு தடவை நூற்றது, கலந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். சாயம் ஏறாத பச்சைத் துணியில் கண்ணுக்கே சரியாகப் படாது. சாயம் ஏறிய பிறகு வரிக்குதிரை மாதிரி பளிச்சென்று நிற்கும். மொத்த ரோலும் வீண், நூல் கொடுத்த பார்ட்டி வந்து கத்துவான். அப்படியானால் இப்போதே நிறுத்த வேண்டும்.

ஆனால் பட்டையோடு கூட இன்னொன்றும் வந்தது. அதை இளங்கோவுக்கு நன்றாகத் தெரியும். அடிவயிற்றில் ஒரு சின்ன இழுப்பு. இது உனக்காகத்தான் வந்திருக்கிறது, உற்றுப் பார் என்கிற இழுப்பு.

பட்டை நிஜமாக இருந்து, அவன் பேசாமல் ஓட்டினால் துணி போகும். பட்டை பொய்யாக இருந்து, அவன் நிறுத்தினால் வேலை போகும். நாளைக்குச் சனிக்கிழமை. பேசாமல் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? துணி சாயப்பட்டறைக்குப் போய்ப் பழுது வெளிப்படுவதற்குள் அவன் நிரந்தரமாகிவிடுவான்.

மூன்று சுற்று பார்த்தான். பிறகு நிறுத்தினான்.

ஒரு விளக்கும் எரியாமல் ஒரு மெஷின் நின்றால் ஷெட்டில் இருக்கிற எல்லாக் காதும் திரும்பும். மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்ததை எல்லோரும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டது இளங்கோவின் முதுகில் உறைத்தது. கன்னையன் வேகமாக வந்தார்.

"ஏண்டா, லைட்டு எரியலயே?"

"மெஷின்ல எரியலீங்ணா." துணியைக் காட்டினான். "இங்க ஒரு பட்டை. உங்களுக்கும் தெரியுதுங்களா?"

கன்னையன் கண்ணாடியைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தார். துணியை இழுத்துப் பார்த்தார். பிறகு துணியை விட்டுவிட்டு இளங்கோவின் முகத்தைப் பார்த்தார். அவர் பொய் சொல்லப்போகிறார் என்று இளங்கோவுக்குத் தெரிந்துவிட்டது.

"இருக்கறாப்பலயும் இருக்குது..."

"அண்ணா. எனக்காகச் சொல்லாதீங்க."

கன்னையன் தலையை ஆட்டினார். "இல்லடா. எனக்கு ஒண்ணும் தெரியல."

அதற்குள் மகுடேஸ்வரன் வந்துவிட்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. சத்தத்தில் ஒன்று குறைந்தால் ஓனருக்கு ஆபீஸ் ஏ.சி.க்குள் இருந்தாலும் தெரியும். விஷயத்தைக் கேட்டார். துணியில் ஒரு துண்டை வெட்டச் சொன்னார். இருட்டு அறையில் ஊதா விளக்கு ஒன்று உண்டு. நூல் லாட் வேறாக இருந்தால் அந்த வெளிச்சத்தில் ஒன்று நீலமாகவும் ஒன்று மஞ்சளாகவும் மின்னும். துண்டை வைத்துப் பார்த்தார்கள். ஒரே நீலம். மெஷினில் ஏற்றியிருந்த கோன்களை வரிசையாக இறக்கிப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே நீலம்.

வெளியே வந்ததும் இளங்கோ தன் கண்ணால் இன்னொரு தரம் பார்த்தான். பட்டை இன்னும் அங்கேதான் இருந்தது. அதுதான் வேடிக்கை. இல்லை என்று நிரூபணமான பிறகும் அது பாட்டுக்கு இருந்தது.

"சரிங்க மொதலாளி. நூலு நல்லாருக்குது. என்ற லைட்டுதான் சும்மா எரிஞ்சிருக்குது. கோனை ஏத்தி ஓட்டிக்கட்டுங்களா?"

மகுடேஸ்வரன் அவனைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், பழக்கதோஷத்தில் சுவரையும் பார்த்தார். மெஷின் சத்தத்தில் எந்தப் பல்லி சொல்லி என்ன கேட்கும்? "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இளங்கோ மெஷினை ஓட்டினான். பட்டை சுற்றிச் சுற்றி வந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் குரைத்துவிட்டுப் போகட்டும் என்று இருப்பது போல அவன் அதை வர விட்டான். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் துணி ரோல்மேல் சாய்ந்து அரை மணி நேரம் தூங்கி எழுந்து பார்த்தபோது, துணி வெறும் துணியாக இருந்தது.

டாக்டருக்குப் போன் போட்டான்.

"எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?"

"நாலுங்க."

"டீ?"

அவன் விரல் விட்டு எண்ணினான். "ஏழெட்டுங்க."

"நல்லா இருக்கு. அஞ்சு நாளா சரியாத் தூங்காம வெள்ளைத் துணி சுத்தறதையே பாத்தா எனக்கும் ஏதாவது தெரியும். ஆனாலும் அலட்சியம் வேண்டாம். இன்னிக்கு நேரத்துல தூங்குங்க, டீ ரெண்டோட நிறுத்துங்க, மாத்திரையை விடாதீங்க, திங்கக்கிழமை வாங்க. கேட்டீங்கல்ல ஒருத்தர்கிட்ட?"

"கேட்டனுங்க."

"அப்போ பாதி வேலை முடிஞ்சுது."

பாதிதான் முடிந்தது. மீதிப் பாதி மகுடேஸ்வரன் கையில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் இளங்கோ, "வேலை போச்சு," என்று உட்கார்ந்துவிட்டான். தமிழ்மதி முழுக் கதையையும் கேட்டாள், கத்திரியை நிறுத்தாமல்.

"நிறுத்துனீங்களா? கேட்டீங்களா? இல்லைன்னதும் ஓட்டுனீங்களா? அதுக்கு மேல என்னங்க பண்றது. போனா போகுது. ஊட்டுல பிசிறு மூட்டை மூட்டையாக் கெடக்குது." பிறகு அவன் பக்கம் ஒரு பனியனைத் தள்ளினாள். அப்புறம் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "வேண்டாம், நீங்க போய்ப் படுங்க."

சனிக்கிழமை காலையில் மகுடேஸ்வரன் இளங்கோவையும் கன்னையனையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்த அதே நேரத்தில், மேற்குச் சுவரிலிருந்து பல்லி சொன்னது. மேற்கு ஆகாத திசை. அந்த ஷெட்டில் அது எல்லோருக்கும் தெரியும். மகுடேஸ்வரன் வாயை மூடிக்கொண்டார். கன்னையன் காலண்டரைப் பார்த்தார்.

மகுடேஸ்வரன் மெல்லக் கேட்டார்: "உனக்கும் கேட்டுதா?"

"கேட்டுதுங்க," என்றான் இளங்கோ.

"மேக்கதான?"

"மேக்கதானுங்க. ஆனா அது என்ன சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியலீங்க."

கன்னையனுக்குச் சிரிப்பு முட்டி, இருமலாக வெளியே வந்தது. மகுடேஸ்வரன் முதலில் முறைத்தார். பிறகு அவர் மீசையும் கொஞ்சம் ஆடியது.

"ஏம்ப்பா கன்னையா, போன மாசம் துணியில ஊசி உடைஞ்சு கோடு வுளுகுதுன்னு நான் சொன்னனே, எத்தன நேரம் இல்லைன்னு சாதிச்சே?"

"ரெண்டு மணி நேரம் இருக்குமுங்க," என்று கன்னையன் முனகினார்.

"நாலு ரோலு போச்சு. இந்தப் பையன் பன்னண்டு நிமிசத்துல, என்ற லைட்டுதான் தப்புன்னு சொல்லீட்டு மெஷினை ஓட்டறான். முப்பது வருசமாத் தொழில் பண்றேன், இந்த ஷெட்டுக்குள்ள ஒருத்தன் அப்பிடிச் சொல்லி நான் கேட்டதில்ல." பல்லி இருந்த சுவரைக் கைகாட்டினார். "ஏன், நானே சொன்னதில்ல. இது சொல்லுச்சுன்னு ஒரு வாரம் லோடு அனுப்பாம வெச்சிருந்து ஒரு பார்ட்டியே போயிட்டான். இன்னி வரைக்கும் லாரிக்காரன் மேலதான் பழி போட்டுட்டிருக்கறேன்."

இளங்கோ நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். "அப்பங்க?"

"அப்பன்னா, மனசுல முடிவு பண்ணியாச்சு. ஆனா இப்ப வாயில சொல்ல மாட்டேன். ஆகாத பக்கம் சொல்லிருக்குது. சித்த நேரம் உக்காரு. அது கெழக்க சொல்லட்டும், சொல்லீர்றேன்."

"மொதலாளி, அது அடுத்த அமாவாசைக்குச் சொன்னா?" என்றார் கன்னையன்.

"நீ போய் மெஷினப் பாரு."

கன்னையன் போனார். டீ வந்தது. இளங்கோ, ஏற்கெனவே ஒண்ணு ஆச்சுங்க என்று வேண்டாமென்றான். ஓனரும் தொழிலாளியும் எதிரெதிரே உட்கார்ந்து கிழக்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல்லி டியூப் லைட்டுக்குப் பின்னால் போய் ஒரு பூச்சியில் மும்முரமாக இருந்தது. கால் மணி நேரம் போயிருக்கும்.

கதவு திறந்தது. கன்னையன் தலையை மட்டும் நீட்டினார். கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது.

"இளங்கோ, நாலாம் நம்பருல கோடு ஒண்ணு வுளுகுறாப்பல இருக்குது. எனக்குச் சரியாத் தெரிய மாட்டேங்குது. உனக்கும் தெரியுதான்னு வந்து பாரு."

"அவனுக்கு இன்னும் வேலையே குடுக்கலையேப்பா," என்றார் மகுடேஸ்வரன்.

"பல்லி சொல்ற வரைக்கும் துணி பொறுத்துக்குமுங்களா?"

இளங்கோ ஓனரைப் பார்த்தான். ஓனர் பல்லியைப் பார்த்தார். பிறகு அவர்தான் முதலில் எழுந்தார்.

நாலாம் நம்பரில் துணி சுற்றிக்கொண்டிருந்தது. இளங்கோ குனிந்து பார்த்தான். மேலிருந்து கீழே மயிர் கனத்துக்கு ஒரு கோடு. ஒரு சுற்று விட்டான். அடிவயிற்றில் எந்த இழுப்பும் இல்லை. அந்தக் கோட்டுக்கு அவனிடம் சொல்ல எதுவும் இல்லை, அது வெறும் கோடு. விரல் வைத்துக் காட்டினான்.

"தெரியுதுங்ணா. ஊசி உடைஞ்சிருக்குது."

"அப்ப எனக்குத் தெரிஞ்சதும் நெசந்தான்," என்றார் கன்னையன் பெரிய நிம்மதியோடு.

மகுடேஸ்வரன் இருவர் தோளுக்கும் நடுவே தலையை நுழைத்துப் பார்த்தார். "எனக்கும் தெரியுது. நிறுத்துங்கப்பா. புது ஊசி எடுத்துட்டு வா இளங்கோ. ஸ்டோர் சாவி உன்ற கையிலயே இருக்கட்டும்."

சாவியை வாங்கிக்கொண்டு இளங்கோ ஸ்டோர் பக்கம் நடந்தான், நடந்தானா ஓடினானா என்று கன்னையனுக்கு இன்றுவரை சந்தேகம். ஆபீசில் அந்த நேரம் பல்லி சொன்னாலும் சொல்லியிருக்கும். கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை.